பத்து இஞ்சி ரிங் லைட்: முகத்துக்கு வேலை செய்வது ஸ்டான்ட்தான்

மட்டக்களப்பு நகரம், காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று எந்தப் பக்கம் போனாலும் போன் கவரும் சார்ஜரும் விற்கிற கடைகளில் இந்தப் பெட்டியைப் பார்க்கலாம். பெட்டியின் மேல் மாசு மரு இல்லாத ஒரு முகம்; அதன் கண்மணிக்குள் வெள்ளை வளையம். உள்ளே 26 சென்ரிமீற்றர் அகல வளைய விளக்கு, அதன் வயரில் நாலு பொத்தான் வைத்த ஒரு சின்னப் பெட்டி, போனைக் கவ்வும் கிளிப், அங்குமிங்கும் திருப்பக்கூடிய உருண்டைக் கழுத்து, மூன்று காலில் நிற்கும் ஸ்டான்ட். சில செற்றில் புளூடூத் ரிமோட்டும் இருக்கும். சார்ஜர் அநேகமாக இருக்காது. பெட்டிக்குப் பெட்டி பெயர் மாறும், உள்ளே உள்ள சாமான் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே இங்கே எந்த விளக்குக் கம்பனியின் பெயரும் வராது.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். விளக்கை எரித்துப் பார்த்து மயங்கி வாங்காமல் ஸ்டான்டைப் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்.

இதைத் தேடி வருகிறவர்கள் பல விதம். கல்யாண மேக்கப் செய்கிறவர்கள், மருதமுனைக் கைத்தறிச் சாரியை லைவ் போட்டு விற்கிறவர்கள், டிக்டொக் செய்கிற பொடியன்கள். மற்ற ஆக்களுக்கு வேண்டியது ஒரு ப்ரொபைல் படம், ஒரு வட்ஸ்அப் ஸ்டேட்டஸ், அவ்வளவுதான். அவர்களின் முறைப்பாடும் ஒன்றுதான்: "கண்ணாடியில நல்லாத்தானே இரிக்கு, படத்தில மட்டும் ஏன் இப்பிடி விழுது?" கடைக்காரர் பெட்டியைத் தட்டிக் காட்டி "இதப் போடுங்க தங்கச்சி, சரியா வரும்" என்பார். முகம் படத்தில் மாறி விழுவதற்குக் காரணம் மூன்று. போன் இருக்கும் தூரம், அறையின் வெளிச்சம், கண்ணாடியில் பார்த்த பழக்கம். விளக்கு தீர்ப்பது நடுவில் உள்ளதை மட்டும்.

தூரம்

கையை நீட்டிச் செல்பி எடுக்கும்போது, முழங்கை மடிந்திருந்தால், போன் முகத்திலிருந்து ஏறக்குறைய 30 சென்ரிமீற்றரில் இருக்கும். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையில் ஆழவாட்டில் 12 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். அப்படியானால் கமராவுக்கு மூக்கு 30இல், காது 42இல். மூக்கு, காதைவிட 40 வீதம் பெருத்து விழும். அதே ஆளை ஒன்றரை மீற்றரில் நிறுத்தினால் மூக்கு 150இல், காது 162இல். வித்தியாசம் 8 வீதம்தான். முன்னால் இருந்து கதைக்கிற ஒருவர் உங்கள் முகத்தைப் பார்ப்பதும் அந்தத் தூரத்தில்தான். அவருக்குத் தெரியாத மூக்கு செல்பியில் எங்கிருந்தோ வந்து நிற்கிறது.

இதை ஒரு முகஅறுவைச் சிகிச்சை மருத்துவர் கணக்கிட்டே காட்டினார். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த போரிஸ் பாஸ்கோவரும் கூட்டாளிகளும் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, 30 சென்ரிமீற்றரில் எடுத்த படத்தில் மூக்கின் அடிப்பகுதி, ஒன்றரை மீற்றரில் எடுத்ததைவிட, முகத்தின் அகலத்தோடு ஒப்பிட ஏறக்குறைய 30 வீதம் அகலமாகத் தெரியும். செல்பியைக் காட்டி மூக்கைச் சின்னதாக்கித் தரச் சொல்லிக் கேட்டு வருகிறவர்களுக்கு விளங்கப்படுத்தத்தான் அந்தக் கணக்கே போடப்பட்டது.

ரிங் லைட்டின் வடிவக் கோளாறு இங்கேதான். கிளிப் வளையத்தின் நடுவில் இருப்பதால் போனும் விளக்கும் ஒரே தூரத்தில் மாட்டிக்கொள்கின்றன. வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும்: அரை மீற்றரில் கிடைத்த வெளிச்சத்தில் ஒன்றரை மீற்றருக்கு வந்து சேர்வது ஒன்பதில் ஒரு பங்கு. பத்து வோற்று விளக்கு அந்தத் தூரத்தில் செத்துப்போகும். சனம் என்ன செய்யும்? ஸ்டான்டைக் கிட்ட இழுக்கும். முடிவில் கிடைப்பது நன்றாக வெளிச்சம் போட்ட பெரிய மூக்கு.

இரண்டையும் பிரித்து வைப்பதுதான் வழி. வளையத்தைக் கழற்றி மேசைமேலோ கதிரை முதுகிலோ நிறுத்தி, முகத்துக்கு 60 முதல் 70 சென்ரிமீற்றர் தூரத்தில், கண்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே, கொஞ்சம் ஒரு பக்கமாக வையுங்கள். போனை ஸ்டான்டில் மாட்டி ஒன்றரை மீற்றர் தள்ளி, கமராவின் கண் உங்கள் கண்மட்டத்தில் இருக்கும்படி உயர்த்துங்கள். பின்பக்கக் கமராவில் இரண்டு மடங்கு சூம் போட்டால் தலையும் தோளும் சட்டத்துக்குள் அளவாக அமையும். ரிமோட் இருந்தால் அமர்த்தலாம். இல்லாவிட்டால் 10 செக்கன் டைமர். பின்பக்கக் கமராவில் திரையைப் பார்க்க முடியாதே என்று தயங்குவார்கள். பார்க்காமல் எடுப்பதே நல்லது. திரையில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு எடுக்கும்போது கண் கமராவை விட்டுக் கீழே போய்விடும். வாய் தானாகவே ஒரு வடிவம் எடுத்துக்கொள்ளும்.

வளையம் ஸ்டான்டிலேயே இருக்க வேண்டும் என்றால் இன்னொரு வழி உண்டு. வளையத்தை முகத்துக்கு 70 சென்ரிமீற்றரில் நிறுத்தி, போனை அதற்குப் பின்னால் ஒரு மேசையில் புத்தக அடுக்கின்மேல் சாய்த்து, வளையத்தின் ஓட்டைக்குள்ளால் எடுக்கலாம். சூம் போட்டால் வளையத்தின் விளிம்பு படத்தில் வராது. முகம் மட்டும் வேண்டிய படத்துக்கு இது போதும்.

விளக்கு

கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு பொத்தான் எரிக்க, ஒன்று நிறம் மாற்ற, இரண்டு கூட்டிக் குறைக்க. நிறம் மூன்று: வெள்ளை, நடுத்தரம், மஞ்சள். ஒவ்வொன்றிலும் அநேகமாகப் பத்துப் படி. வளையத்துக்குள் மஞ்சள் எல்ஈடியும் வெள்ளை எல்ஈடியும் மாறி மாறி இருக்கும். நடுத்தரம் என்பது இரண்டும் சேர்ந்து எரிவது. நம்முடைய மாநிறத்துக்கும் கறுப்பு நிறத்துக்கும் இரவில் நடுத்தரம்தான் பொருந்தும். வெள்ளையில் கன்னம் சாம்பல் பூத்ததுபோல் விழும். பகலில் யன்னல் வெளிச்சமும் சேர்ந்து வருகிற அறை என்றால் மட்டும் வெள்ளைக்குப் போங்கள்.

அறையின் மஞ்சள் பல்பை அணைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். இரண்டு நிறம் ஒரு முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் நீலமும் மறு கன்னம் ஆரஞ்சுமாக வரும். எந்த எடிட்டிங்கும் அதை முழுதாகச் சரியாக்காது. சுவர் நிறத்தையும் கவனியுங்கள். பச்சை, நீலம் பூசிய சுவர் எங்கள் வீடுகளில் நிறைய. சுவரோடு ஒட்டி நின்றால் அந்தப் பச்சை தாடைக்குக் கீழே ஏறும். ஒரு மீற்றராவது முன்னுக்கு வாருங்கள்.

வெள்ளைச் சுவர் வேறு விதத்தில் கெடுக்கும். கமரா சட்டத்துக்குள் உள்ள எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து ஒரு நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் படம் முழுவதையும் இருட்டாக்கும், முகமும் கூட இருளும். உடனே "நான் கறுப்பாய் விழுகிறேன்" என்று பியூட்டி மோடைப் போடுவார்கள். செய்ய வேண்டியது மிகச் சின்ன வேலை: திரையில் முகத்தின்மேல் விரலால் தட்டுங்கள், பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். நிறம் மாறாது, வெளிச்சம் மட்டும் ஏறும். கமரா உலகம் வெள்ளைத் தோலை அளவுகோலாக வைத்தே வளர்ந்தது. கலர் பிலிம் காலத்தில் கொடக் கம்பனி ஆய்வுகூடங்களுக்கு அனுப்பிய நிறச்சரிபார்ப்பு அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைப் பெண். அந்த அட்டைக்கே "ஷேர்லி" என்றுதான் பெயர். கூகுள் தன் பிக்சல் 6இல் கறுப்பு, மாநிறத் தோலுக்கென்று தனியாகச் சரிசெய்த முறையைக் கொண்டுவந்தது 2021இல். மற்ற போன்களில் அந்தச் சூரியக் குறியைத் தள்ளுவது உங்கள் விரலின் வேலை.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்கு இந்த விளக்கு ஒரு தொல்லை. இரண்டு கண்ணாடியிலும் இரண்டு வெள்ளை வளையம் நிற்கும். விளக்கை நெற்றிக்கு மேலே உயர்த்திக் கீழ்நோக்கிச் சாய்த்தால் வளையம் கீழே நழுவிவிடும். அதற்கும் போகவில்லை என்றால் கண்ணாடியின் காது வைக்கும் தண்டை ஒரு சின்ன விரல் அளவு தூக்கி வையுங்கள். முன்னிருந்து பார்க்க வித்தியாசம் தெரியாது.

வேர்வை இன்னொன்று. முன்னுக்கு நேரே இருந்து வரும் வெளிச்சம் நெற்றி, மூக்கு, மேலுதட்டில் உள்ள ஈரத்தை அப்படியே கமராவுக்குத் திருப்பி அனுப்பும். மின்விசிறியை நிறுத்திவிட்டு எடுக்கிறவர்களுக்கு இது இரட்டிப்பு. ரிசுத் தாளை முகத்தில் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். பவுடரைக் கொட்டாதீர்கள்: துத்தநாக ஒக்சைட்டும் டைட்டேனியம் டையொக்சைட்டும் உள்ள பவுடரும் சன்கிரீமும் முன்வெளிச்சத்தில் மாநிற முகத்தைத் திருநீறு பூசியதுபோல் காட்டும். மேக்கப் செய்கிறவர்கள் மணப்பெண்ணை எழுப்புவதற்கு முன் இந்த விளக்கிலேயே ஒரு படம் எடுத்துப் பார்த்தால் மண்டபத்தில் மானம் போகாது.

சிவப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலிவான வெள்ளை எல்ஈடியில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. குங்குமம், அரக்குப் பட்டு, லிப்ஸ்டிக் எல்லாம் ஒரு படி மங்கி விழும். முகப்படத்துக்கு அது பெரிய காரியமல்ல. லைவ் போட்டுச் சாரி விற்கிறவர்கள் மட்டும் துணியைப் பகலில் யன்னலருகே ஒருதரம் காட்டிவிடுவது நல்லது. சாரி வீட்டுக்குப் போன பிறகு "நிறம் வேற" என்று திரும்பி வராது.

படியைக் குறைக்கும்போது சில விளக்குகள் உண்மையில் மங்கி எரிவதில்லை. வேகமாக அணைந்து அணைந்து எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது, வீடியோவில் கறுப்புக் கோடாக ஓடும். மங்கல் வேண்டுமானால் முழுப் படியில் எரியவிட்டு விளக்கைத் தள்ளி வையுங்கள். கூரை ரியூப் லைட்டாலும் அதே கோடு வரும், எங்கள் கரண்ட் 50 ஹேர்ட்ஸ் என்பதால். அதற்கு வீடியோ செற்றிங்கில் 50 ஹேர்ட்ஸைத் தெரிவு செய்தால் போதும்.

பியூட்டி மோட்

இந்த விளக்குக்குக் காசு கொடுக்க ஒரேயொரு நல்ல காரணம் கேட்டால் இதுதான்: பியூட்டி மோடை அணைக்கத் துணிவு வரும். இருட்டில் போன் கமரா சின்னச் சின்னப் புள்ளிகளால் படத்தை நிரப்பும். பிறகு அந்தப் புள்ளிகளை அழிக்கிறேன் என்று தோலின் நுண்வரிகளையும் சேர்த்து அழிக்கும். பியூட்டி மோட் போடாமலே முகம் மெழுகு போல வருவது அதனால்தான். 2018இல் ஐபோன் எக்ஸ்எஸ் வந்தபோது, செல்பியில் இரகசியமாகப் பியூட்டி மோட் வைத்திருக்கிறார்கள் என்று பெரிய சத்தம் எழுந்தது. பல படங்களைச் சேர்த்து ஒரு படமாக்கும் முறையில் கொஞ்சம் கலங்கிய படம் அடிப்படையாகத் தெரிவாகிவிட்டது என்பதே காரணம், ஐபோனின் மென்பொருளான ஐஓஎஸ் 12.1இல் அதைச் சரிசெய்தார்கள். போதிய வெளிச்சம் கொடுத்தால் அழிக்கப் புள்ளியே இருக்காது.

பல அண்ட்ரொயிட் போன்களில் முன்கமராவுக்குப் பியூட்டி முதலே போடப்பட்டிருக்கும். 2020இல் கூகுள் தன் புதிய பிக்சல் போன்களில் அதை அணைத்த நிலையிலேயே விற்கத் தொடங்கியது. உங்கள் போனில் கமராவைத் திறந்து மந்திரக்கோல் அல்லது முகம் போன்ற சின்னக் குறியைத் தேடுங்கள். தோல் வழவழப்பு, நிறம், முக ஒடுக்கம், கண் பெரிதாக்கல் என்று தனித்தனிக் கோடு இருக்கும். எல்லாவற்றையும் பூச்சியத்துக்கு இழுங்கள். ஏதாவது வேண்டும் என்று மனம் கேட்டால் வழவழப்பை மட்டும் 10க்கு, 15க்கு ஏற்றலாம். 30ஐத் தாண்டினால் பருவோடு சேர்ந்து புருவ மயிரும் போகும். மூக்குத்தியின் ஓரம் கரையும். ஹிஜாபின் விளிம்பும் நெற்றியும் ஒன்றோடொன்று கலக்கும். தாடி பென்சிலால் தீற்றியதுபோல் ஆகும்.

நிறக் கோட்டைத் தொடவே வேண்டாம். அது முகத்தைக் கண்டுபிடித்து முகத்தை மட்டும் வெளுக்கும். கழுத்தும் கையும் பழைய நிறத்தில் நிற்கும். சாமத்திய வீட்டு அல்பங்களில் பிள்ளையின் முகம் ஒரு நிறம், மருதாணி போட்ட கை ஒரு நிறமாக இருப்பதைப் பார்த்துப் பழகிய ஊர் இது, ஆகவே பலருக்கு உறுத்துவதில்லை. உறுத்த வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அவளுடைய அல்பமே "நீ இந்த நிறத்தில் இருந்திருக்கலாம்" என்று சொல்லிக் கொடுக்கிறது.

முகத்தை ஒடுக்கும் கோடும் இடுப்பை ஒடுக்கும் ஆப்பும் செய்வது வேறு. அவை படத்தை அந்த இடத்தில் உள்ளே இழுக்கின்றன. பின்னால் உள்ளதும் சேர்ந்து வரும். கதவு நிலை, யன்னல் கம்பி, மாபிள் கோடு எல்லாம் காட்டிக் கொடுக்கும். கல்லடிப் பழைய பாலத்தில் எடுத்த படங்களில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்: 1924இல் திறந்த அந்த லேடி மெனிங் பாலத்தின் இரும்புக் கம்பி ஆளின் இடுப்பு வந்ததும் உள்ளே நெளிந்து, காலடியில் மறுபடி நேராகும். பின்னால் தென்னை மட்டும் என்றால் தப்பலாம், தென்னை வளைந்துதான் நிற்கும்.

ஆப்புக்குள் இருக்கும் பில்டரை நம்பி விளக்கு வாங்காமல் விடுகிறவர்களுக்கு ஒரு சேதி. மூக்கு ஒடுக்கி உதடு பெருக்கி, அறுவைச் சிகிச்சை செய்ததுபோல் காட்டும் பில்டர்களை நீக்குவதாக இன்ஸ்டகிராம் 2019இலேயே அறிவித்தது. வெளியார் செய்த பில்டர்கள் எல்லாவற்றையும் இன்ஸ்டகிராமின் தாய்க் கம்பனியான மெற்றா 2025 ஜனவரி 14இல் மூடியது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் சில முகமாற்றுப் பில்டர்களைத் தடுப்பதாக டிக்டொக் 2024 நவம்பரில் சொன்னது. இன்று கையில் இருக்கிற பில்டர் நாளைக்கு இருக்கும் என்று எண்ணி முகத்தைப் பழக்கக் கூடாது.

கண்ணாடிப் பழக்கம்

முகம் கோணலாக விழுகிறது என்பதற்கு விளக்கும் ஸ்டான்டும் ஒன்றும் செய்ய முடியாது. நீங்கள் ஆயுள் முழுக்கப் பார்த்தது இடம்வலம் மாறிய முகம்; ஊர் பார்ப்பது மாறாத முகம். 1977இல் அமெரிக்காவில் மீட்டா, டேர்மர், நைட் என்ற மூவர் செய்த சோதனையில், ஆட்கள் தங்கள் கண்ணாடி முகத்தையே விரும்பினார்கள். அவர்களின் நண்பர்கள் நேர்முகத்தை விரும்பினார்கள். முன்கமரா திரையில் காட்டுவது கண்ணாடி முகம், சேமிப்பது பல போன்களில் நேர்முகம். அமர்த்திய அடுத்த கணம் முகம் "மாறிவிட்டது" போல் தோன்றுவது அதனால்தான். ஐபோனில் கமரா செற்றிங்கில் முன்கமராவைக் கண்ணாடிபோல் சேமிக்க ஒரு சுவிட்ச் இருக்கிறது; சம்சுங்கில் பார்த்தபடியே சேமி என்று இருக்கும். போட்டுக்கொள்ளலாம், ஆனால் சாரி கட்டிய படத்தில் முந்தானை வலது தோளுக்குப் போய்விடும். பின்னால் உள்ள பெயர்ப்பலகை எழுத்தும் இடம்வலம் மாறும். மற்றவர்களுக்குப் போடுகிற படம் என்றால் சுவிட்சை அணைத்தே வையுங்கள், அவர்களுக்குப் பழகிய முகம் அதுதான்.

ஏற்றும்போது நடப்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். இன்ஸ்டகிராம் வழக்கமாக 1080 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கும். வட்ஸ்அப்பில் 2023 ஓகஸ்டிலிருந்து எச்டி என்ற தெரிவு இருக்கிறது, அனுப்புவதற்குமுன் மேலே உள்ள அந்தக் குறியைத் தொட வேண்டும். ஏற்கெனவே வழவழப்பாக்கிய முகம் சுருங்கினால் கன்னம் கட்டம் கட்டமாக உடையும்; தோலின் நுண்வரிகள் உள்ள முகம் அவ்வளவு கெடாது.

காசில்லாத போட்டி

விளக்கோடு ஒப்பிட வேண்டியது வேறு விளக்கையல்ல, வெயிலையும் யன்னலையும். வெயில் நேரே விழாத யன்னலுக்கு ஒரு மீற்றர் தள்ளி, முகம் யன்னலைப் பாதி பார்த்தபடி இருந்தால் கிடைப்பதை எந்தப் பத்து இஞ்சி வளையமும் தராது. மாரியில், நவம்பர் முதல் ஜனவரி வரை, முகில் மூடிய பகலில் திண்ணையே ஸ்டூடியோ.

எங்கள் கடல் கிழக்கில். கல்லடியிலோ பாசிக்குடாவிலோ காலை ஆறரை ஏழு மணிக்கு வெயில் கடலில் இருந்து தாழ வரும்; முகத்தைக் கடலுக்கு அரைவாசி திருப்பினால் போதும். மாலை ஐந்துக்குப் பிறகு வெயில் வீடுகளுக்குப் பின்னால் போய்விடும், ஆனால் கடற்பக்க வானம் இன்னும் வெளிச்சமாக இருக்கும். கடலைப் பார்த்து நின்றால் நிழலே இல்லாத மென்மையான வெளிச்சம். சூரியன் இறங்குவது பின்னால் வேண்டும் என்றால் வாவிக் கரைக்குப் போக வேண்டும்; அப்போது முகம் இருளும், அதற்கு இந்த வளையமும் பவர் பேங்க்கும் உதவும்.

மோசமான நேரம் நடுப்பகல். ஏப்ரல் 10ஐ ஒட்டியும் செப்டெம்பர் 2ஐ ஒட்டியும் மட்டக்களப்பில் நடுப்பகல் வெயில் உச்சிக்கு நேரே நிற்கும். சித்திரைப் புத்தாண்டுப் படங்களில் எல்லாருடைய கண்ணும் குழிக்குள் போயிருப்பதற்கும் மூக்குக்குக் கீழே கறுப்பு மீசை விழுவதற்கும் அதுதான் காரணம். மரநிழலின் ஓரத்துக்கு, இலைக்கூடாகப் பொட்டுப் பொட்டாக வெயில் விழாத இடத்துக்குப் போங்கள்.

எது பழுதாகும், கடையில் எதைப் பார்க்க வேண்டும்

விளக்கு 5 வோல்ட், 2 அம்பியர் கேட்கும். பழைய 1 அம்பியர் சார்ஜரிலோ லப்டொப்பிலோ செருகினால் மங்கி எரியும், கூட்டும்போது துடிக்கும், சிலவேளை அணையும். "பழுதான சாமான்" என்று திருப்பிக் கொண்டுவருவதில் இது நிறைய. இப்போதுள்ள வேகச் சார்ஜர் எதுவும் சரி. 10,000 மில்லியம்பியர் பவர் பேங்க்கில் முழு வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்று மணித்தியாலம் ஓடும். மிகக் குறைந்த படியில் எரியவிட்டால் சில பவர் பேங்க் ஒன்றும் செருகவில்லை என்று எண்ணித் தானாகவே அணைந்துவிடும். இரண்டு படி கூட்டினால் நிற்காது.

முதலில் போவது விளக்கல்ல, கழுத்து. வளையத்தையும் ஸ்டான்டையும் இணைக்கும் உருண்டை பிளாஸ்டிக்கில் இருந்தால், இறுக்கி இறுக்கிப் புரி தேய்ந்து தலை தொங்கும். திருப்புவதற்கு முன் திருகைத் தளர்த்துங்கள். இறுக்கியபடியே முறுக்குவதுதான் அதைக் கொல்கிறது. அடுத்தது போன் கிளிப்பின் ஸ்பிரிங். தடித்த கவர் போட்ட பெரிய போன் நழுவி விழும். அடுத்தது வயர், கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் நுழையும் இடத்தில். யூஎஸ்பி தலைக்கும் பெட்டிக்கும் இடையில் அறுந்தால் சிவப்பு, கறுப்பு இரண்டு வயர்தான், போன் திருத்துகிற எவரும் ஈயம் வைத்துத் தருவார். பெட்டிக்கு மேலே அறுந்தால் அநேகமாக மூன்று வயர். மாற்றி வைத்தால் நிறம் மாறி எரியும்.

ஸ்டான்டைக் கடையிலேயே முழுதாக விரித்து, போனை மாட்டி, மேலே விரலால் தட்டுங்கள். ஆட்டம் நிற்க அதிக நேரம் எடுத்தால் குழாய் மெல்லியது. பெட்டியில் 2.1 மீற்றர் என்று எழுதியிருக்கும். நம்பிக்கையாக நிற்பது 1.6 வரைதான், நின்று எடுக்கவும் அதுவே போதும். உயர்த்தும்போது தடித்த குழாயை முதலில் இழுங்கள், மெல்லியதைக் கடைசிக்கு விடுங்கள். காலை அரைகுறையாக விரிக்காமல் தாங்குகம்பி கிடையாக வரும்வரை விரியுங்கள். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் வெளியே கொண்டுபோனால் நடுத்தண்டில் ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலைக் கட்டித் தொங்கவிடுங்கள். வளையம் காற்றுக்குப் பாய் மாதிரி. கடற்கரையில் இருந்து வந்தால் திருகுகளையும் பூட்டுகளையும் ஈரத்துணியால் துடைத்துக் காயவையுங்கள், உப்பு ஒரு மாரிக்குள் துருவாக்கிவிடும்.

விளக்கைப் பார்க்க: மிகக் குறைந்த படியில் மூன்று நிறத்தையும் எரித்து, எரியாத புள்ளி இருக்கிறதா என்று சுற்றிப் பாருங்கள். போன் கமராவை வீடியோவில் வைத்து வளையத்துக்கு நேரே பிடியுங்கள்; குறைந்த படியில் கோடு ஓடினால் அடுத்த பெட்டியைக் கேளுங்கள். எரியும்போது வயரை அங்கங்கே மெல்ல வளையுங்கள், துடிக்கக் கூடாது. ரிமோட்டின் காசு போன்ற பற்றரிக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கும், அதை இழுத்துவிட்டு உங்கள் போனோடு சேர்த்துப் பாருங்கள்.

எட்டு இஞ்சி மேசை மாதிரியை விடுங்கள், அது 30 சென்ரிமீற்றர் மூக்குக்கென்றே செய்தது. பன்னிரண்டு இஞ்சி, மேக்கப் தொழில் செய்கிறவர்களுக்கு. பதினெட்டு இஞ்சி பெரும்பாலும் சுவர்ச் செருகியில் நேரே எரிவது, வெளிச்சம் அதிகம், ஆனால் கரண்ட் போனால் பவர் பேங்க் உதவாது. ஏற்கெனவே நல்ல யன்னல் உள்ள வீட்டில் இருக்கிறவர் வளையமே இல்லாமல் ஸ்டான்டும் கிளிப்பும் ரிமோட்டும் மட்டும் தரச் சொல்லிக் கேட்கலாம். சில கடைகளில் பிரித்துத் தருவார்கள். முழுச் செற்றாக வாங்கினால் பில்லில் ஸ்டான்டையும் தனியாக எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கழுத்து உடைந்து கொண்டுபோகிற அன்று "வாரண்டி லைட்டுக்கு மட்டும்தான்" என்பார்கள்.